துரைக்குக் கூட்டிய கொட்டகை
மலேசியாவில் கோலா கெத்தில் என்ற ஊர்க்காரரான முருகையா, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் வளர்ந்தவர். தோட்டத்து மேனேஜர் துரை பார்வையிட வருகிறார் என்றால் வாசலைக் கூட்டி, சாக்கடையைக் கழுவி, குப்பையை மறைத்துவிட வேண்டும். அந்தப் பழக்கம் அவர் உடம்பிலேயே ஊறிக் கிடந்தது.

பால்மரம் சீவுவதை விட்ட பிறகு அவர் தீனிப்புழு வளர்த்தார். அலோர் ஸ்டாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஜக்கரியா மிச்சச் சோற்றை அனுப்புவார். அதைத் தின்று கொழுத்த புழுக்கள் ஜித்ராவிலுள்ள வாத்துப் பண்ணைக்குத் தீனியாகப் போகும். மூன்று ஊர் கைகோத்துச் செய்யும் வேலை என்று அரசாங்க மானியத்துக்கான கடைசிப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பதுதான் பாக்கி.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் முருகையாவுக்குக் கொட்டகையின் நாற்றம் பொறுக்கவில்லை. வாளி வாளியாகப் பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்தார். தரைமட்டத்தில் இருந்த தொட்டிகளுக்குள் அது வழிந்து இறங்கியதை மனுஷன் கவனிக்கவே இல்லை.

மறுநாள் அதிகாரி சாந்தினி எட்டிப் பார்த்தபோது புழுக்களெல்லாம் செத்து மிதந்தன.

"என்ன அங்கிள் இது? இந்தப் புழுவப் பாக்கத்தானே வந்தோம்!"

"பெரிய ஆளுங்க வர்றீங்கன்னு கொஞ்சம் சுத்தம் பண்ணேம்மா."

மானியம் கைநழுவிப் போனது. ஜக்கரியா திட்டவில்லை. "விடுங்கண்ணே, அடுத்த வருசம் பாத்துக்கலாம் லா," என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தின்னப் புழு இல்லாததால் இப்போது அவர் கடை மிச்சச் சோறு குப்பை லாரியில் போகிறது.

மறுபடியும் மனுப் போட முருகையாவுக்குத் தைரியம் வரவில்லை. அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் தன் கை முதலில் விளக்குமாற்றைத்தான் தேடும் என்று அவருக்குத் தெரியும்.