வியாழக்கிழமை முடிவாக வேண்டிய சத்தம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஜோஸி போனில் கூப்பிட்டு, "ரவியே, செல்வன் சேட்டன் போயி" என்றான். கோயில் திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி நடத்தும் எங்கள் கானமேளா குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன் அவன். "எங்க போனார்? வியாழக்கிழமை இங்க வர்றேன்னாரே" என்று கேட்டேன். மலையாளத்திலும் ‘போயி’ என்றால் செத்துப்போனார் என்ற அர்த்தமும் உண்டு என்பது, மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அப்போது உறைக்கவில்லை. வெலிங்டன் தீவுக்குப் போகும் படகுக்காக வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டாராம். நாற்பத்து மூன்று வயது. ஒரு தலைவலி மாத்திரை போட்டுக்கூட நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கிப் போன மனிதர் செவ்வாய்க்கிழமை எப்படி இல்லாமல் போவார்? அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்ததைப் பார்த்த பிறகும் எனக்கு அது பிடிபடவில்லை. இப்போதும் பிடிபடவில்லை.

ஜோஸி செல்வன் சேட்டன் என்று கூப்பிடும் செல்வராஜ் அண்ணனை, இந்த ஊர்க்காரர்களான உங்களில் பலர் முனிசிபல் ஏணியின் உச்சியில், தெருவிளக்கு மாட்டும் கோலத்தில்தான் பார்த்திருப்பீர்கள். மேடையில் சிவப்புக் கிடாரோடு பார்த்தவர்களுக்கு, அதன் சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்த அவருடைய பழைய ஆம்பும் நினைவிருக்கும். தொண்ணூறுகளில் எங்கள் குழுவுக்கு இருந்த ஒரே ஆம்ப் அதுதான். பழங்கால ரேடியோ மாதிரி வால்வு போட்டது, தூக்க இரண்டு பேர் வேண்டும். சுவிட்சைப் போட்ட உடனே வாசிக்க விடமாட்டார். "வால்வு சூடாகட்டும்டா. இல்லேன்னா ஜலதோஷம் பிடிச்சவன் மாதிரி பாடும்" என்பார். ஒரு மழைக்காலத்தில் ஈரம் ஏறி அது அடியோடு நின்றுபோனது.

என் வீடு கொச்சங்காடியில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிவைத்து, கிடாரைச் சொருகினால் ஆம்பில் வாசித்தது போலவே ஒலிக்க வைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டேன். திரையில் ஆம்பின் படம் வரும். அதன் குமிழ்களை மவுஸால் திருப்பிக்கொள்ளலாம். முதல் நாள், படத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே, வாசிக்கலையா?"

"சூடாகட்டும்."

"அண்ணே, அது படம்."

"படமா இருந்தா என்ன? ஒரு மரியாதை வேண்டாமா?"

கடைசி வரைக்கும் அந்தப் படத்துக்கு ஒரு நிமிடம் கொடுத்துவிட்டுத்தான் கிடாரைத் தொட்டார். நான் எவ்வளவோ கிண்டல் செய்து பார்த்தேன். அவர் மாறவே இல்லை.

அந்தக் கிடார் மலிவானது. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தம் கம்பியின் அதிர்வோடு, பக்கத்தில் குனிந்து பேசினால் பேச்சையும் லேசாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் சாஃப்ட்வேரில் இருப்பதிலேயே முரட்டு ஆம்பை எடுத்து, குமிழை முழுக்கத் திருப்பி வைத்திருந்தோம். "ரவி, ஒரு சாயா" என்று அவர் வாய்க்குள் சொன்னது ஸ்பீக்கரில் கரகரவென்று வந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "இனிமே இதுக்குப் பக்கத்துல வீட்டுக்காரியப் பத்தி ஒண்ணும் பறையக் கூடாது" என்றார்.

இனி சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டர் மெதுவானது. கம்பியைத் தட்டியதும் சத்தம் காதுக்கு வர ஒரு கணம் பிந்தும். வருகிற சத்தம் தாளத்தில் விழ வேண்டும் என்பதற்காக அண்ணன் ஒரு பொடி முன்னாலேயே தட்டப் பழகினார். அதுவே கைப்பழக்கமாகிவிட்டது. கும்பளங்கித் திருவிழா மேடையில் கம்ப்யூட்டரே கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு பாட்டிலும் அவர் கிடார் முந்திக்கொண்டு வந்தது. ஜோஸி எல்லோர் முன்னிலையிலும், "சேட்டனு பஸ் பிடிக்கானுண்டோ?" என்று, அண்ணனுக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறதோ என்கிற மாதிரி, கேட்டுவிட்டான். அண்ணன் சிரித்தார். திரும்பி வரும்போது வேனில் என் பக்கம் சாய்ந்து, "உள்ளதைச் சொல்லு, நான் முன்னாடி போறேனா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. அவன்தான் பின்னால வர்றான்" என்றேன்.

அது பொய். அதற்குப் பிறகு என் வீட்டில் அவர் வாசித்துப் பதிந்த ஒவ்வொன்றையும், அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பொடி பின்னால் நகர்த்திவைத்தேன். மறுமுறை கேட்கும்போது, "பாத்தியா, எப்படிப் பொருந்துது" என்று சந்தோஷப்படுவார். நானும் தலையாட்டுவேன். நாலு வருடம் இப்படியே போனது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தைரியம் வராது.

ஊரார் பாட்டுகளையே வாசித்து வந்த நாங்கள் முதல்முதலாகச் சொந்தமாக ஒரு பாட்டு போட்டோம். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை அதற்குத்தான் கிடார் வாசிக்க வந்தார். பதிவாவது வெறும் கம்பிச் சத்தம்தான். அது எந்த ஆம்பில் ஒலிக்க வேண்டும் என்பதைப் பிறகு நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம். நான் சாயா வாங்கக் கீழே போயிருந்தபோது தனியாகவே கடைசித் தடவை வாசித்து முடித்திருந்தார். "சத்தத்தை வியாழக்கிழமை வந்து பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்த வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று நான் தீர்மானித்திருந்தேன். எனக்குக் கிடைத்த வியாழக்கிழமையில் அவருடைய சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தோம்.

பதினாறாம் நாள் மதினி என்னைக் கூப்பிட்டு, "அவருக்கு எந்தச் சத்தம் பிடிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே முடிச்சிருங்க தம்பி" என்றார். மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். படத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒவ்வொரு ஆம்பாக மாற்றிப் பார்த்தேன். முரட்டு ஆம்புக்கு வந்தபோது, குமிழை முழுக்கத் திருப்பினேன். பாட்டு முடிந்து கடைசிக் கம்பி ஓய்ந்தது. அந்த ஆம்பின் இரைச்சலுக்குள்ளிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"ரவி, எப்பவும் போல கொஞ்சம் பின்னால தள்ளிக்கோடா."

மறுபடியும் ஓட்டிக் கேட்டேன். எத்தனை நாளாக அவருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டேதான் "எப்படிப் பொருந்துது" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாரா? நான் வெட்கப்படக் கூடாதே என்று அவர் பொய் சொன்னாரா? கேட்க இனி ஆள் இல்லை.

மதினியிடம் கிடார் இருக்கிறது. என்னிடம் இருப்பது பாட்டு முடிந்த பிறகு வரும் அந்த நாலு விநாடி. பாட்டில் அதைச் சேர்க்கவில்லை, தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அன்று அவர் வாசித்ததை ஒரு பொடி பின்னால் தள்ளினேன். அவர் சொல்லி நான் தள்ளியது அது ஒன்றுதான்.