நடுவில் கிடந்த வயல்

அவளை எல்லோரும் டிராக்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். கணவர் காய்ச்சலில் இறந்த வருடம், அவர் ஓட்டிய டிராக்டரை விற்றுவிடச் சொல்லி உறவுக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் டீ கொடுத்தாள். சாவியை மட்டும் கொடுக்கவில்லை. அடுத்த பருவத்தில் தானே ஏறி உட்கார்ந்து வாடகைக்கு உழ ஆரம்பித்தாள். முதல் நாளே பக்கத்து வயல்காரரின் வரப்பைப் பாதி உடைத்துவிட்டாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள், பிறகு உழவு நாட்களில் அவள் எப்போது வருவாள் என்று காத்துக் கிடந்தார்கள்.

ஆனால் அவள் உழுத நிலங்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனை ஆகிக்கொண்டிருந்தன. ஒரு வயலில் விதைப்புக்கு உழுதாள்; அடுத்த வருடம் அதே வயலில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கவும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வேலை வேலைதானே என்று போனாள். கொட்டிவிட்டு வீடு திரும்பியபோது, தானாக முளைத்திருந்த பயிர் சக்கரத்தில் மண்ணோடு அப்பிக்கொண்டு வந்திருந்தது. வாசலில் குந்தி அதைக் குச்சியால் சுரண்டி எடுத்தாள். தன் நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான் என்று பின்னாளில் தம்பி மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

மலையடிவார நிலங்களை அரசு ஏற்கெனவே வேளாண்மைக்கும் காடு வளர்ப்புக்குமான பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்திருந்தது. அதில் சேர்ந்த நிலத்தில் பயிர் செய்யலாம், மரம் வளர்க்கலாம், வெட்டி மறுபடி நடலாம். மனை போட முடியாது, கட்டடம் எழுப்ப முடியாது. விருப்பப்பட்டவர்கள் தங்கள் நிலத்தையும் சேர்க்கலாம். ஒரே நிபந்தனை, அந்த நிலம் வட்டாரத்தின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவளிடம் மேட்டில் ஒரு மரக்காடு இருந்தது. தூரத்தில் சாலையோரமாக அவள் குடியிருந்த ஓட்டு வீடு. காட்டுக்கும் வட்டார எல்லைக்கும் நடுவில் கிடந்தது தம்பியின் வயல்.

தம்பி டவுனில் வெல்டர். வயலை அவன் எட்டிப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. அக்காதான் உழுது பயிர் வைத்தாள். இரண்டு நிலத்தையும் சேர்த்துவிடலாம் என்று அவள் கேட்டபோது சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவன் பட்டறை நடத்திய இடத்தின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். வேறு இடம் தேடி அலைந்து, எதுவும் அமையாமல், கடைசியில் வயலிலேயே ஷெட் போட்டுக்கொள்வது என்று தீர்மானித்தான். அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. நில அளவையர் வந்த காலையில்தான் அவளுக்குத் தெரிந்தது. அளவுச் சங்கிலிக்கு முன்னால் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அளவையர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்கள் பேசி முடியுங்கள் என்று சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் பேசவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் அவன் பைக்கை வேறு தெருவில் திருப்பினான். சேர்ப்பு மனுக்களை விசாரிக்கும் கூட்டத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த சேர்ப்பு எட்டு வருடம் கழித்துத்தான்.

கூட்டம் நடந்த அறையில் மின்விசிறி கடகடத்ததே தவிரக் காற்று வரவில்லை. தலைவியாக இருந்த அதிகாரி அவர்களுடைய நில எண்களை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். பின்வரிசையில் நாற்காலி உராய்ந்தது. தம்பி எழுந்து நின்றான்.

"என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கறேன்."

அறையில் இருந்தவர்கள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வயல் இல்லாமல் உங்கள் காட்டை மட்டும் எடுக்க வழியில்லை என்று தலைவி தன்மையாகவே சொன்னார். அடுத்த மனுவை முடிக்கிறோம், அதற்குள் முடிவு சொல்லுங்கள் என்று இருவரையும் வெளியே அனுப்பினார்.

தாழ்வாரத்தில் தம்பி சுவரைப் பார்த்து நின்றான். அவன் மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அக்கா கத்துவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். பட்டறைக்குச் சாலையோரம் வேண்டுமா என்று மட்டும் அவள் கேட்டாள். வயலைவிட அதுதான் தோது, ஆனால் யார் தருவார்கள் என்றான் அவன்.

"என் வீட்டையும் மனையையும் எடுத்துக்கோ. வயலை எனக்கு மாத்திக் கொடு."

தம்பியின் முகம் சிவந்தது. "எனக்குப் பிச்சை போடறியா நீ?"

பதில் சொன்னது அவன் மனைவிதான். திருமணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனார் முன்னால் கணவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"அண்ணி வீடு பிச்சைன்னா, நம்ம வயலும் பிச்சைதாங்க. ஒண்ணு கொடுத்து ஒண்ணு வாங்கறதுக்கு ரோஷம் எதுக்கு?"

அவன் இரண்டு பேரையும் முறைத்துவிட்டு உள்ளே போனான். வாபஸை வாபஸ் வாங்குகிறேன் என்று அவன் தடுமாறிச் சொன்னபோது யாரோ சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. மாதம் முடிவதற்குள் பரிவர்த்தனையைப் பதிவு செய்து காட்டினால் இரண்டு நிலமும் சேரும், இல்லையென்றால் சேராது என்று எழுத வைத்தார்.

அந்த மாதம் முழுக்க அவன் இன்று, நாளை என்று இழுத்தான். கடைசி நாளில் அவள் பதிவு அலுவலகத்து பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவி ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினாள். அவர் விடிந்ததும் கிளம்பிவிட்டார், எங்கே என்று சொல்லவில்லை என்றாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகம் மூடித் திறந்தது. அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். எழுத்தர் இரண்டு முறை வெளியே வந்து, வரப்போகிறாரா இல்லையா என்று கேட்டார். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகம் மூடும் நேரத்துக்குச் சற்று முன்னால் அவன் வந்தான். கண் இரண்டும் கலங்கிச் சிவந்திருந்தன. வெல்டருக்கு அது வழக்கம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"எங்கடா போன?"

"உன் வீட்டுக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எல்லாத்தையும் காலி பண்ணிட்டியாக்கா?"

"ஆமா."

"நான் வராமலே போயிருந்தா?"

"திரும்பக் கொண்டு போய் வச்சிருப்பேன். டிராக்டர்தான் இருக்கே."

அவன் வேறெதுவும் கேட்காமல் உள்ளே போய் மை தடவ விரலை நீட்டினான்.

நிலம் சேர்ந்தது. வட்டாரத்துக்குள் குடியிருக்க வீடு கட்ட முடியாது என்பதால் அவள் மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தாள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த சுவர்தான். தினமும் வேலைக்குப் போகிற வழியில் தன் பழைய வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் சில மாதங்கள் அந்தப் பக்கம் திரும்பாமலே ஓட்டினாள். கூடம் இருந்த இடத்தில் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. வருத்தமில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. வருத்தம் என்றும் சொன்னதில்லை.

மழை ஓய்ந்த பிறகு ஒரு காலையில் தம்பி வேனில் ஓர் இரும்பு கேட்டை ஏற்றிக்கொண்டு வயலுக்கு வந்தான். அவள் கேட்கவில்லை; தானாகவே செய்திருந்தான். மாடு புகாமல் இருக்கும் என்றான். ஆள் வைத்து, தூண் நட்டு, கேட்டை மாட்டினார்கள். அவள் கலப்பையோடு டிராக்டரை உள்ளே விட்டாள். கலப்பை இரண்டு பக்கமும் இடித்து நின்றது.

"ஏன்டா, அளவெடுக்காமலா செஞ்ச?"

"உன் டிராக்டரை அளந்தேன். கலப்பையை மறந்துட்டேன்."

அவள் இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். அவன் கோபமாக இருப்பதுபோலக் காட்டிக்கொண்டு, அளவு நாடாவை எடுத்து வரச் சொல்லி வேன் ஓட்டி வந்தவரிடம் கை காட்டினான்.