வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

பூட்டு ரிப்பேர்க்காரனை யாரும் சந்தோஷமாக வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு கிழக்குத் தாம்பரத்தில் கடை வைத்திருந்தேன். வயதான அப்பா அம்மாவோடு அல்லாடுகிறவர்களே, நான் பார்த்ததெல்லாம் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

இரண்டாம் மாடி

சேலையூரில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பூட்டு திறக்கவில்லை என்று போன் செய்தார். வீடு மூன்றாம் மாடி என்று சொல்லியிருந்தார். போனால், இரண்டாம் மாடியில் வியர்க்க விறுவிறுக்கச் சாவியைத் திருகிக்கொண்டு நிற்கிறார். கதவில் வேறு யாரோ பெயர்.

"சார், உங்க வீடு மேல் மாடியாச்சே?" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வகுப்பில் கணக்கை விளக்குகிற குரலில், நிதானமாகக் கேட்டார்: "இது என் சாவிதானே தம்பி? சாவி என்னுதுன்னா, கதவு எப்படி இன்னொருத்தருதாகும்?"

பீரோ

பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்த பாய், வாட்ச் திருட்டுப் போகிறதென்று பீரோவுக்கு அடிக்கடி பூட்டு மாற்றச் சொல்வார். வாட்சை ஒளித்து வைப்பதும் அவரே, மறப்பதும் அவரே. ஒருநாள் நான் இருக்கும்போதே அவர் மனைவி அரிசி டின்னிலிருந்து அதை எடுத்துவந்து கொடுத்தார். "பாத்தியா, எடுத்தவளே கொண்டாந்து குடுக்கறா" என்று பாய் என்னிடம் கத்தினார்.

அந்தம்மா முந்தானையால் வாட்சில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் சொன்னார்: "புதுப் பூட்டே போட்டுடுங்கண்ணா. திருடி யாருன்னு தெரிஞ்சாத்தான் இவரு தூங்குவாருன்னா, நானே திருடியா இருந்துட்டுப் போறேன்."

கோவிலம்பாக்கம்

சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போகும் பெண். வீட்டில் அப்பா மட்டும். முன்பு பஸ் கண்டக்டர். டியூட்டிக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போய்விடுவார். கடைசியாக அவரைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில், காலில் செருப்பில்லாமல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பகலில் துணைக்கு வைத்த ஆளும் நின்றுவிட்டாள். கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடச் சொல்லி அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

நான் துளை போட, பெரியவர் ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மகள் சமையலறைப் பக்கம் போய்விட்டாள். அவர் என் காதருகே குனிந்து சொன்னார்: "இன்னும் நல்லா இறுக்குப்பா. நான் டியூட்டிக்குப் போயிட்டா பொண்ணு வூட்ல தனியா கீது."

அந்த வீடுகளில் எந்தப் பூட்டிலும் கோளாறே இல்லை. இருந்திருந்தால் அரைமணியில் சரிபண்ணிவிட்டு வந்திருப்பேன்.