மருதமுத்து ஓட்டிய ஈ

காஜா பேராங்கில் சாலை இலாகா லோரி ஓட்டிய மருதமுத்துவைத் தெரியாதவர் கிடையாது. மீசை முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். குடியில்லை, பொய்யில்லை. மீன் பைத்தியம் ஒன்றைத்தான் ஆண்டவன் அவருக்குக் குறையாக வைத்திருந்தான்.

சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு மூன்று மாதம் இருக்கையில், கப்பலேறப் போன வெள்ளைக்கார இஞ்சினியர் தன் தூண்டிலை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். புழு கேட்காத தூண்டில் அது. சேவலின் கழுத்திறகை முள்ளில் நூலால் சுற்றி ஈ மாதிரி செய்து, ஆற்றின்மேல் சாட்டைபோல் வீசவேண்டும். நிஜ ஈயென்று நம்பி மீன் கவ்வும்.

சாப்பாட்டுக் கடை முகைதீனுக்கு இது போதாதா?

"என்னண்ணே, யாவாரம் இல்லாதவன்தான் ஈ ஓட்டுவான். கவர்மெண்டு சம்பளம் வாங்குற நீங்களுமா?"

"பாய், மெர்டேக்காவுக்குள்ள இந்த ஈயால ஒரு செபாராவ் மீன் புடிச்சு உங்க மேசையில போடுறேன். இல்லேன்னா மீசைய வழிச்சிடுறேன்!"

ஞாயிறுதோறும் பஸ் ஏறி லேடாங் மலையடி ஆற்றுக்குப் போனார். செபாராவ் துள்ளும் ஆறு அது. ஆனால் வீசிய ஈயையெல்லாம் மரக்கிளைகள்தான் கவ்வின. ஒவ்வோர் ஈ போனதும், வீட்டுச் செஞ்சேவலின் கழுத்தில் இரண்டு இறகு குறைந்தது. அது லோரிக்கு ஆபத்து வராதிருக்க, மனைவி பூங்காவனம் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல்.

பூசையன்று பூசாரி சேவலைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, கழுத்து மொட்டையா இருக்கு? குறையுள்ளது சாமிக்கு ஆகாதே."

"பூனை வேலையா இருக்கும் சாமி" என்ற பூங்காவனம், கணவரின் சட்டைப்பையில் ஒட்டியிருந்த சிவப்பு இறகைப் பார்த்துவிட்டாள். "பூனைக்கு மீசை பெருசுதான்!"

மருதமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தப்புதான் சாமி. மொட்டை போட்டுக்கிறேன்."

"தலையில என்ன இருக்கு, குடுக்க?" என்றாள் பூங்காவனம். அங்கே முன்பே எல்லாம் கொட்டிப் போயிருந்தது. கும்பிட வந்தவர்கள் அத்தனை பேர் கண்ணும் மீசைக்கு இறங்கியது.

சவரக்கத்தி வந்தது. பந்தயம் தோற்காமலே மீசை போயிற்று. விழுந்ததில் ஒரு பாதியை முனியாண்டியின் காலடியில் வைத்தார். மறுபாதியைக் கையில் ஏந்தி, "இது எனக்கு, கோவிச்சுக்காதய்யா" என்று வேண்டிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

மெர்டேக்காவுக்கு முந்தின நாள், இரண்டு கிலோ தேறும் செபாராவ் ஒன்று முகைதீனின் மேசையில் பொத்தென்று விழுந்தது. முகைதீன் மீனைப் பார்த்தார், வெறும் மேலுதட்டைப் பார்த்தார்.

"ஜெயிச்சிட்டீங்களே, அப்புறம் ஏண்ணே மீசைய எடுத்தீங்க?"

"மீன் வாயத் தொறந்து பாருங்க பாய்."

முகைதீன் திறந்தார். உள்ளே முள்ளில், பாதி கறுப்பும் பாதி நரையுமாய், தினமும் அவர் கடைத் தேநீரில் நனைந்த மீசை.

"யா அல்லா! கறியில முடி கெடந்தா என் கடை பேருல்ல கெடும்? எடுத்துட்டுப் போங்கண்ணே!"