கைத்தட்டல்: அக்கம்பக்கத்தார்

காகிதக் கைக்குட்டையை உள்ளங்கையில் விரித்து உங்கள் முகவாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டு நிற்பார் வெர்னீட்டா கெய்ன்ஸ். பேச்சே கிடையாது. வாயில் இருக்கும் சூயிங்கத்தை நீங்கள் துப்பும்வரை அந்தக் கை நகராது. போன ஈஸ்டருக்கு வந்திருந்த ஒரு நீதிபதிகூட முறைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

எங்கள் பாப்டிஸ்ட் சபையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை இருக்கையில் அமர்த்துவது அவர் பொறுப்பு. வெள்ளைச் சீருடை, வெள்ளைக் காலணி, வெள்ளைக் கையுறை; இடது கை எப்போதும் முதுகுக்குப் பின்னால். இரண்டு விரலைக் காட்டினால் அந்த வரிசையில் இரண்டு இடம் காலி. ஒரு விரல் உதட்டுக்குப் போனால் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிரசங்கத்தில் உருகி யாராவது அழுதால், ஈமச்சடங்கு நிலையத்தின் விளம்பரம் அச்சிட்ட அட்டை விசிறியோடு பக்கத்தில் வந்து நின்று வீசுவார். மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். எங்கள் ஊரான மேற்கு டேட்டனில் பல வீடுகளில் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது அந்த மஞ்சள் பேருந்தைப் பார்த்துத்தான். காலை ஏழு பன்னிரண்டு என்றால் ஏழு பன்னிரண்டுக்கு வந்து நிற்கும்.

இப்படிப்பட்ட மனுஷிக்குக் கைதட்ட மட்டும் வராது. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சபையில் ஆர்கன் வாசிப்பதும் பாடகர் குழுவை நடத்துவதும் நான்தான், ஹோரஸ் டேட். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவரைக் குழுவிலிருந்து நீக்கியதும் நானே. முப்பது பேர் ஒன்றாகத் தட்டுவார்கள். தட்டி முடித்தபின், அரை மூச்சு கழித்து, 'டப்' என்று ஒன்று தனியாக வந்து விழும். சொல்லிக் கொடுத்தேன், கெஞ்சினேன், தோளைத் தட்டித் தட்டிக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பாஸ்டரிடம் பேசி அவரைக் கையுறை போடும் வேலைக்கு மாற்றிவிட்டேன். கையுறையோடு தட்டினால் யாருக்குக் கேட்கப்போகிறது?

அவர் சண்டை போடவில்லை. "சரிங்க பிரதர்," என்றார், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது முதல் விண்ணப்பம் அவருடையதாக இருக்கும். பத்தொன்பது தாள்கள் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. தாளைக் கொடுக்க வரும்போதெல்லாம் பம்பர் மேபரியின் பழைய இசைத்தட்டையும் தூக்கிக்கொண்டு வருவார்.

பம்பரைத் தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் பேஸ் கிதாரைக் கட்டிக்கொண்டு வளர்ந்து, ஃபங்க் என்னும் ஆட்டம்போட வைக்கும் இசையோடு உலகம் சுற்றியவர். அவருடைய 'கொஞ்சம் நகர்ந்து உட்காரு' ஒலிக்காமல் இங்கே கல்யாணமும் நடக்காது, கறி விருந்தும் நடக்காது. பாட்டின் நடுவே எல்லா வாத்தியமும் நின்றுபோய்க் கைத்தட்டல் மட்டும் வரும். அதுவும் நேரத்துக்கு வராது. சோம்பல் முறித்து எழுந்து வருகிற மாதிரி சற்றே பிந்தி வரும். பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அந்தத் தாமதம் எப்பேர்ப்பட்ட மேதைமை என்று இளைஞர் குழுவுக்கு நான் ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்திருக்கிறேன்.

வெர்னீட்டா சொல்வது இதுதான். 1978இல் பம்பர் தன் அத்தை வீட்டு நிலவறையில் அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது, தெருவில் போய்க்கொண்டிருந்த மூன்று பள்ளிப் பெண்களை உள்ளே கூப்பிட்டுத் தட்டச் சொன்னாராம். மூவரில் ஒருத்தி இவராம். அத்தாட்சி என்னவென்றால், இசைத்தட்டு உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரி: 'கைத்தட்டல்: அக்கம்பக்கத்தார்.'

"அக்கம்பக்கம்னா யாரு பிரதர்? நான்தானே?" என்பார்.

அக்கம்பக்கத்தில் நானூறு வீடு இருந்தது என்று நான் பதில் சொல்வேன். மற்ற இரண்டு பெண்களில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் டெக்சாஸில் பெரிய பக்தையாகி, சின்ன வயதில் பாட்டுச் சத்தமே காதில் விழுந்ததில்லை என்று சாதிக்கிறார். ஆக, சாட்சிக்கு ஆள் இல்லை. போன மாதம் பம்பரே ஊருக்கு வருகிறார், ஓய்வுபெற்ற கார் ஆலைத் தொழிலாளர்களின் சங்கக் கூடத்தில் அறுபதே பேருக்கு வாசிக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. சபை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்த இடத்தில் நான் வாயை விட்டேன்.

"அந்த மனுஷனே 'நீதான்'னு சொல்லட்டும் சிஸ்டர். அன்னிக்கே உங்களைக் குழுவுல சேத்துக்கறேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக் கேட்டார் வெர்னீட்டா. எல்லாரும் கேட்டுத்தான் இருந்தார்கள்.

கச்சேரி ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு. அன்றைக்கென்று பார்த்து எங்கள் பாஸ்டர் பிரசங்கத்தை முடிக்காமல் நோவாவின் பேழைக்குள் ஒவ்வொரு மிருகமாக ஏற்றிக்கொண்டே போனார். உடை மாற்ற நேரமில்லாமல் வெர்னீட்டா சீருடையோடே வந்து சேர்ந்தார். வாசலில் அந்தக் கோலத்தில் நின்றவரிடம் யாரோ ஒருவர், என் இடம் எங்கேம்மா என்று கேட்டுத் தொலைத்தார். உடனே இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பத்தே நிமிடத்தில் அறுபது பேரையும் அமர்த்தினார். தொப்பிகளைக் கழற்ற வைத்தார். வீட்டிலிருந்து கோழி வறுவலும் மக்ரோனியும் அலுமினியத் தட்டுகளில் கொண்டு வந்திருந்தவர்களை மடியில் துணி விரித்துக்கொள்ள வைத்தார். நீட்டிய கால்களெல்லாம் தாமாகவே மடங்கின.

அந்தக் கூடத்துக்குப் பின்வாசல் கிடையாது. பம்பர் மேபரி எங்களுக்கு நடுவே நடந்துதான் வந்தார். எழுபதைத் தாண்டிய வயது, ஊதாக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, வாயில் சூயிங்கம். காகிதக் கைக்குட்டை நீண்டது. உலகம் சுற்றிய மனிதர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சமர்த்தாகத் துப்பிவிட்டு மேலே போனார்.

எனக்கே பொறுக்கவில்லை. இவ்வளவு கிட்டத்தில் வந்த மனுஷனிடம் கேட்டிருக்கலாமே என்று கிசுகிசுத்தேன்.

"வேலை நேரத்துல பேசக்கூடாது பிரதர்," என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

பம்பர் சாதாரண மர நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். கூட ஒரு டிரம்ஸ்காரர், ஒரு கிதார்காரர், அவ்வளவுதான். முதல் வரிசையிலிருந்து கை நீட்டினால் அவர் முழங்காலைத் தொடலாம். பேஸ் கிதார் உறும உறும என் தட்டில் கோழி எலும்புகள் இடம் மாறின. ஐந்தாவதாக எங்கள் பாட்டு வந்தது. வாத்தியங்கள் நின்றன. கூடமே சேர்ந்து தட்டியது, நான் எல்லோரையும்விடச் சத்தமாக, நறுக்கென்று தட்டினேன்.

பம்பர் தலையை ஆட்டிப் பாட்டை நிறுத்தினார். நேரே என்னைப் பார்த்தார்.

"நீங்க ரொம்பச் சரியாத் தட்டறீங்க. அதுதான் தொல்லை. இன்னொரு தடவை பாக்கலாம்."

வெர்னீட்டா சுவரை விட்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். விரல் விரலாக இழுத்து இரண்டு கையுறைகளையும் கழற்றி என் மடியில், கோழித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பாட்டு ஓடி வந்து அந்த இடத்தில் நின்றது. நாங்கள் அறுபது பேரும் தட்டினோம். தட்டி முடித்தபின், அரை மூச்சு கழித்து, என் காதுக்குப் பக்கத்தில் 'டப்' என்று ஒன்று விழுந்தது.

பம்பரின் கை தந்தியிலேயே நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டு மணிக்குள்ள வீட்டுக்குப் போகணும்னு சுவர்க் கடிகாரத்தையே பாத்துக்கிட்டுத் தட்டுச்சே ஒரு பொண்ணு, அது நீயா?"

"எங்கப்பா வாசல்லயே நிப்பாருங்க," என்றார் வெர்னீட்டா. "ஏழு அம்பதுக்கு நான் கெளம்பிட்டேன்."

பம்பர் எங்கள் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணை அன்னிக்கே வெளிய அனுப்பிட்டு வேற ஆளை வெச்சு மறுபடி எடுக்கணும்னு இருந்தேன். டேப் தீந்துபோச்சு. நாப்பத்தாறு வருஷமா அந்தத் தப்புலதான் சாப்பிடறேன். ஊர் ஊரா அந்தப் பழைய தட்டலை மிஷின்ல போட்டுத்தான் ஓட்டறேன், மனுஷங்க ஒருத்தருக்கும் வரல."

கூடம் அதிர்ந்தது. எனக்கோ இழுப்பறையில் கிடக்கும் பத்தொன்பது தாள்கள்தான் கண்ணுக்குள் வந்து நின்றன. வெட்கமாக இருந்தது. எந்தத் தாமதத்துக்கு மேதைமை என்று வகுப்பெடுத்தேனோ அதே தாமதத்துக்காகத்தான் இவரை வெளியே அனுப்பியிருக்கிறேன். கண் கலங்கிவிட்டது. கோழியில் காரம் அதிகம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவைத்தேன்.

"புதன்கிழமை ஏழு மணிக்கு ஒத்திகை, சிஸ்டர்," என்றேன்.

"ஏழுன்னா ஏழுக்கு இருப்பேன் பிரதர்."

பம்பர் பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். வெர்னீட்டா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. வலது கையால் பைக்குள்ளிருந்து அட்டை விசிறியை எடுத்து எனக்கு வீச ஆரம்பித்தார், ஒவ்வொரு வீச்சும் தாளத்துக்குச் சற்றே பிந்தி.