வரத்துச் செய்தி படித்த கம்ப்யூட்டர்

மறந்துவிடு, மன்னித்துவிடு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லை, வேண்டவும் வேண்டாம்.

2010. தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் கடைசி வருடம். இணையத்தில் வரும் தமிழ்ச் செய்திகளைத் தினமும் தானே படித்து, எது காய்கறி, எது ஊர் என்று கற்றுக்கொள்ளும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். 'திராட்சை வரத்து குறைவு', 'தக்காளி வரத்து அதிகம்' என்ற மார்க்கெட் செய்திகளைப் படித்துவிட்டு, 'வரத்து' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பதெல்லாம் காயும் பழமும் என்று அதுவாகவே முடிவுகட்டியது. எனக்குப் புல்லரித்தது. மறுநாளே 'அணைக்குத் தண்ணீர் வரத்து' என்ற செய்தியைப் படித்துத் தண்ணீரையும் காய்கறியில் சேர்த்துவிட்டது! ஒரு தப்பை விட்டால் அதைப் பிடித்துக்கொண்டு பத்துத் தப்பு கற்கும். தினமும் காலையில் லேபுக்குப் போய்த் தப்பானதை அழிப்பேன். ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக் களை மாதிரிதான், அசந்தால் மண்டிவிடும்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்றதும், துறைத்தலைவர் புரோகிராமின் முகப்பில் என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். கேட்கப் போனேன்.

"டைப் அடிச்சுக் குடுத்ததுக்கெல்லாம் பேரு போடுவாகளாம்மா? இனி நீ லேபுக்கே வர வேணாம். அதான் தானாப் படிக்குதுல்ல?"

தினமும் திருத்த வேண்டும் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். நான் செய்தது கெட்டுப்போகும் என்று தெரிந்தே இருபது நாள் வாயைத் திறக்கவில்லை. அவரும் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

வந்தவர்கள் முன்னால் திரையில் காய்கறிப் பட்டியல் விரிந்தது. திராட்சை, தக்காளி, தண்ணீர், சுற்றுலாப் பயணிகள், பக்தர்கள், கலெக்டர். சுருளி அருவிச் செய்தியில் பயணிகள் வரத்தைப் படித்துவிட்டு, வரத்தும் வருகையும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு, கலெக்டர் வருகைவரை போயிருந்தது. வந்திருந்த பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "யாருங்க செஞ்சது இது?"

துறைத்தலைவர் கடைசி வரிசையில் இருந்த என்னைக் கை காட்டினார். "அந்தப் பொண்ணு செஞ்சது சார்."

இத்தனை நாள் இல்லாத உரிமை, அசிங்கப்பட்டதும் எனக்கு வந்துவிட்டது. எழுந்தேன்.

"ஆமா சார், நான்தான் செஞ்சேன். தப்பை அழிக்க அதுலயே வழி வச்சிருக்கேன். முகப்புல பேரு போட்டிருக்காகல்ல, அவுகளே அழிச்சுக் காட்டட்டும்."

துறைத்தலைவர் மவுஸைப் பிடித்தபடி திரையை மேலும் கீழும் தேடினார். அழிக்கிற இடம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தார், கெஞ்சுகிற பார்வை.

நான் உட்கார்ந்துகொண்டேன்.