நடக்காத மாலை வகுப்பின் செய்தி

கல்வி அலுவலகத்தில் அவருக்கு 'நடந்தேறியது' என்று பட்டப்பெயர். ஊர்ப் பள்ளிகளின் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவது அவர் வேலை. விழாக்கள் சாயங்காலம் நடக்கும். பத்திரிகைக்காரர்களோ மதியத்துக்குள் கேட்பார்கள். அதனால் அழைப்பிதழைப் பார்த்துக் காலையிலேயே 'இனிதே நடந்தேறியது' என்று முடித்து அனுப்பிவிடுவார். இத்தனை வருடத்தில் எந்த விழாவும் அவர் காலை வாரியதில்லை.

அன்று வாரியது. கடைசித் தெருப் பள்ளியில் மாலை வகுப்பு தொடங்கியதாகவும், பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகள் அங்கேயே இருக்கலாம் என்றும் பத்திரிகையில் வந்திருந்தது. ஆனால் அதை நடத்த வேண்டிய ஆசிரியைக்கு மாற்றல் வந்து, முந்தைய நாள் தொடக்க விழாவே நடக்கவில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"விடுய்யா, யாரு படிக்கிறா?" என்றார் மேலாளர்.

அதைப் படித்த ஒருத்தி மதியம் அவருக்குப் போன் செய்தாள். தையல் ஆலையில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை. "அண்ணே, நீ எழுதினதைப் பார்த்துட்டு இன்னைக்கே ஷிப்ட் மாத்திக்கிட்டேன். ஆறு மணிக்குத்தான் விடுவாங்க. பாப்பா அங்கேயே இருப்பா. நல்ல காரியம் பண்ணீங்க எல்லாரும்."

வீட்டில் பட்டம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அவர் எழுதி அச்சில் வந்துவிட்டால் தங்கைக்கு அது நடந்ததுதான். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அதன்பின் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தார், மறுபடி போய்க் குடித்தார். மூன்றரைக்கு வண்டியை எடுத்தார்.

பள்ளிக்கூடத்து வாசலில் தங்கை மகளோடு இன்னும் சில பிள்ளைகள் பையும் கையுமாக நின்றார்கள். காவலாளி வகுப்பறைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"உத்தரவு வரலையே சார். நீங்க பேப்பர்ல திறந்ததுக்கு நான் சாவி குடுக்க முடியுமா?"

அங்கிருந்தே மேலாளருக்குப் போன் போட்டார்.

"சார், பிள்ளைங்க வந்து நிக்கிறாங்க. கதவு திறக்கலைன்னா நாளைக்கு மறுப்பு போடணும். உங்க பேருலதான் வரும்."

"மிரட்டுறியா?"

"இல்ல சார். வழக்கம் அதான்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "திறக்கச் சொல்லு. டீச்சருக்கு நான் எங்க போறது?"

"இன்னைக்கு நான் உக்காருறேன்."

"நாளைக்கு?"

அதற்குள் அவர் போனைக் காவலாளியிடம் நீட்டியிருந்தார்.

உட்கார்ந்தார் என்றுதான் பேச்சு. நாற்காலியில் ஒட்டவே இல்லை. ஒருத்தியின் கணக்கைப் பார்த்தார், ஜன்னலுக்குப் போனார், வாசலை எட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாக வந்தும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். நடுவில் பத்திரிகையிலிருந்து அழைப்பு.

"சார், நாளைக்கு விளையாட்டு விழாவாமே. இப்பவே எழுதி அனுப்பிடுங்களேன், இடம் விட்டு வச்சிருக்கோம்."

"இன்னும் நடக்கலையேப்பா."

"என்னைக்கு சார் நடந்த பிறகு எழுதினீங்க?"

சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. "நடக்கட்டும், பார்த்துட்டு எழுதுறேன். அந்த இடத்துல வேற எதையாவது போட்டுக்க."

தங்கை மகள் நோட்டை மூடிவிட்டு அருகே வந்தாள். "மாமா, நாளைக்கும் வகுப்பு உண்டா? அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

'உண்டு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நடக்காததை நடந்ததாகச் சொல்லிப் பழகிய நாக்கு. அதை விழுங்கிவிட்டு, "இன்னும் தெரியலடா. கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அவள் வாசலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் மேலாளரின் எண்ணை மறுபடி அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பவும் அழுத்தினார்.